படுக்க வேண்டிய குழாயை நிற்கவைத்த ஊருக்கு ஒரு நாள்

இந்த வலைப்பூவில் இதுவரை அருவிகளைப் பற்றி எழுதியிருக்கிறேன், தர்காக்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், எந்தக் கடையில் எத்தனை மணிக்கு அல்வா சூடாகக் கிடைக்கும் என்று எழுதி இரண்டு கடைக்காரர்களின் கோபத்துக்கும் ஆளாகியிருக்கிறேன். இந்த முறை சிமெண்ட் குழாய் பார்க்கப் போன கதை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மழை நாளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அரிசி மூட்டையைத் தூக்கி அலமாரிமேல் வைத்த அனுபவம் உள்ளவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வண்ணார்பேட்டையிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர், தாமிரபரணிக்குத் தென்கரை. பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இந்தக் கதையில் வருகிற பொறியாளரின் அலுவலகத்தில் நான் நாளைக்கும் போய் நிற்க வேண்டியவன். எங்கள் தெருவில் பத்தொன்பது வீடுகள். தெரு முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால். மழைத் தண்ணீர் சாக்கடை வழியாகப் போய் வாய்க்காலில் விழ வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அந்தச் சாக்கடை பத்து நிமிட மழைக்கே நிரம்பிவிடும். பிறகு தண்ணீர் வீடுகளைத் தேடி வரும்.

எல்லா வீட்டுக்கும் முன்பாக அது தேடி வருவது என் பக்கத்து வீட்டை. அங்கே இருக்கிற மும்தாஜ் லாத்தா எனக்கு அக்கா முறை. அவர் கணவர் சாகுல் மச்சான் பக்கவாதம் வந்து நான்கு வருடமாக முன்னறைக் கட்டிலில் கிடக்கிறார். போன வருட மழையில் அந்தக் கட்டில் காலில் ஒரு முழம் தண்ணீர் நின்றது. நானும் தெருக்காரர்கள் மூன்று பேரும் கட்டிலோடு அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிவாசல் வராந்தாவில் வைத்தோம். தூக்கிப் போகும்போது மச்சான் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இந்த வருடம் எங்கள் தெருவுக்குப் புது மழைநீர் வடிகாலுக்கு அனுமதி வந்துவிட்டது என்றார்கள். சந்தோஷப்பட்டோம். பொறியாளர் வந்தார், நாடா பிடித்தார், நாலடி விட்டத்தில் உருளைக் குழாய் பதிக்கப்போவதாகச் சொன்னார். அதற்கும் சந்தோஷப்பட்டோம். கடைசியில், குழாய்க்காகத் தெருவை முக்கால் அடி உயர்த்த வேண்டும் என்று ஒரு வார்த்தையைப் போட்டார். அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கணக்கு எளிது. வாய்க்காலின் அடிமட்டத்தை யாரும் மாற்ற முடியாது, ஆகவே குழாயை இஷ்டத்துக்கு ஆழமாக இறக்க முடியாது. குழாயின் உள் அடியிலிருந்து எங்கள் தெருவின் மேல்மட்டம் வரை கிடைப்பது நாலடி எட்டு அங்குலம். குழாய் நாலடி, அதன் மேல் சுவர் ஐந்து அங்குலம், அதற்கும் மேலே வண்டி ஓட ஒரு அடி மண் மூடாக்கு. மொத்தம் ஐந்தடி ஐந்து அங்குலம். ஒன்பது அங்குலம் இடிக்கிறது. அந்த ஒன்பது அங்குலத்தைத் தெருவின் தலையில் ஏற்றிவிடலாம் என்பது அவர் முடிவு. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, லாத்தா வீட்டுத் தரை ஏற்கெனவே தெருவைவிட நாலு அங்குலம் கீழே கிடக்கிறது. இன்னும் முக்கால் அடி உயர்த்தினால் அது வீடு இல்லை, தெப்பக்குளம்.

வளைகுடாவில் குழாய் பதிக்கும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். அமுக்கி வைத்த மாதிரி நீள்வட்டமாக ஒரு குழாய் உண்டு, அது உயரத்தில் குறைவு, அகலத்தில் கூடுதல், தண்ணீரை நாலடி உருளைக்குச் சமமாகவே கொண்டுபோகும், அதைப் போடுங்கள் என்று பொறியாளரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “அதெல்லாம் வெளிநாட்டுல பாய். நம்ம பக்கம் அப்படி ஒரு குழாயே கெடையாது” என்றார். வேறு யோசனை இருந்தால் திங்கட்கிழமை பதினோரு மணிக்குள் தெருவாக எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் உருளைதான் என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முடியாது என்று ஒருவர் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். நானே கையால் எண்ணி அடுக்கி வைத்த ஒரு பொருளை இல்லவே இல்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னால் எப்படிப் பொறுப்பது? இரண்டு நாள் போனும் கையுமாக உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் துளைத்ததில், நாங்குநேரி தாண்டி நாலு கிலோமீட்டரில் ஒரு குழாய்க் களம் இருப்பது தெரிந்தது. ஐப்பசி பிறக்க மூன்று வாரம். சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

சுபுஹு தொழுதுவிட்டு ஆறு பத்து பஸ்ஸைப் பிடித்தேன். டிக்கெட் பதினெட்டு ரூபாய். ஆறு ஐம்பத்தைந்துக்கு வண்ணார்பேட்டை. அங்கே ஏழு வருடமாக எனக்கு வாடகைக் கார் ஓட்டுகிற சுடலைமணி காத்திருந்தார். நான் கூப்பிட்டால் அருவிக்கோ கடற்கரைக்கோதான் என்று அவர் நினைப்பு. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். குழாய் பார்க்கப் போகிறோம் என்றேன். தண்ணீர்க் குழாயா என்று கேட்டார். சாக்கடைக் குழாய் என்றேன். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார். ஆனால் அவர் வாய் சும்மா இருக்காது. பாளையங்கோட்டை தாண்டியதும், “ஊர்ல அவனவன் பொண்ணு பாக்கப் போறான், நாம குழாய் பாக்கப் போறோம்” என்று தானாகச் சொல்லிக்கொண்டார்.

வழியில் இட்லியும் வடையும். இருவருக்கும் சேர்த்து நூற்றுப் பத்து ரூபாய். நான்கு வழிச் சாலை என்பதால் வண்டி சறுக்கிக்கொண்டு போயிற்று. அந்தச் சாலையின் கீழே எத்தனை இடத்தில் தண்ணீர் கடந்து போகிறது, எவ்வளவு அழகாகப் பெட்டி பெட்டியாக வழி விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன். பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வந்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற லாரி நனையாமல் போகத் தெரிகிறது, படுத்துக் கிடக்கிற ஒரு மனிதர் நனையாமல் இருக்க மட்டும் நமக்கு வழி தெரிவதில்லை.

முப்பத்து நாலு கிலோமீட்டர். எட்டு முப்பதுக்குக் களத்தை அடைந்துவிட்டோம். கம்பி வேலிக்குள் இரண்டு ஏக்கர் இருக்கும். நிழலுக்கு இரண்டே வேப்பமரம், மற்றபடி குழாய், குழாய், குழாய். மேஸ்திரி தங்கப்பாண்டி அண்ணாச்சிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கணுக்கால் வரை சிமெண்ட் பூத்த கால்கள். நான் போனில் சொல்லியிருந்ததால் பெஞ்சு போட்டுக் காபி வரவழைத்தார். பொறியாளர் கிடையவே கிடையாது என்று சொன்ன குழாய், அவருக்குப் பின்னால் வரிசைக்கு எட்டாக நாலு வரிசை கிடந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸும் காரும் பிடித்து இரண்டரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய இடத்தில் இருப்பதை, இந்த உலகத்திலேயே இல்லை என்று சொன்னாரே அந்த மனிதர்.

அண்ணாச்சி ஒன்றொன்றாகக் காட்டினார். உருளையை எல்லாருக்கும் தெரியும். நீள்வட்டக் குழாயின் உள்ளே உயரம் மூன்றடி இரண்டு அங்குலம், அகலம் ஐந்தடி. ஒரு குழாய் எட்டடி நீளம், எடை மூன்றரை டன். நெற்றியில் சிவப்புப் பெயிண்டில் ‘மேல்’ என்று எழுதியிருந்தது. உள்ளே கட்டியிருக்கும் கம்பி, படுத்த நிலையில் பாரம் தாங்குவதற்காக வளைக்கப்பட்டது, அதனால் அந்த எழுத்து வானத்தைப் பார்க்கத்தான் பதிக்க வேண்டுமாம். பக்கத்தில் பெட்டிக் குழாய்கள் இருந்தன. அவற்றிலும் உயரத்தைக் குறைக்கலாம், ஆனால் அடி தட்டையாக இருப்பதால் தண்ணீர் குறைந்த காலத்தில் சகதி பரந்து படிந்துவிடும் என்றார்.

ஓரமாக முட்டை வடிவத்தில் ஆறேழு குழாய்கள் நின்றன. கூரான பக்கம் கீழே, அகன்ற பக்கம் மேலே. அது எதற்கு என்று சுடலைமணிதான் கேட்டார். அண்ணாச்சி போய் இரண்டு குவளை தண்ணீரும் ஒரு கை மணலும் கொண்டுவந்தார். உடைந்த உருளை ஒன்றின் அடியில் பாதி மணலைப் போட்டு ஒரு குவளையை ஊற்றினார். தண்ணீர் விரிந்து பரவி, மணலைச் சுற்றிக்கொண்டு போயிற்று, மணல் அங்கேயே கிடந்தது. மீதி மணலை முட்டைக் குழாயின் குறுகிய அடியில் போட்டு அடுத்த குவளையை ஊற்றினார். தண்ணீர் ஒடுங்கி ஓடி மணலையும் இழுத்துக்கொண்டு போயிற்று. கோடைக்காலத்தில் கொஞ்சமாக ஓடுகிற கழிவுநீரும் கசடைத் தேங்கவிடாமல் தள்ளிக்கொண்டு போகத்தான் அந்த வடிவம். வளைகுடாவில் பதினோரு வருடம் அந்தக் குழாயைப் பேரேட்டில் ஏற்றியவன் நான். அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

பிறகு அவர் என்னைக் கேட்ட கேள்வி சுருக்கென்று தைத்தது. “ஒங்களுக்கு மழைத்தண்ணிக்கா, கழிவுக்கா?”

மழைக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். எங்கள் தெருவில் குளியலறைத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் போவது அதே சாக்கடையில். சில வீடுகளிலிருந்து அதற்கு மேலும் போகிறது, யார் வீடு என்று எல்லாருக்கும் தெரியும். வாய்க்கால் வழியாக அதெல்லாம் ஆற்றில்தான் போய்ச் சேர்கிறது. அந்த ஆற்றில்தான் இறங்கிக் குளிக்கிறோம், அதன் தண்ணீர் குடித்தால் பேச்சில் இனிப்பு வரும் என்று வெளியூர்க்காரனிடம் பீற்றிக்கொள்கிறோம். ரெண்டும்தான் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அண்ணாச்சிக்கு ஆச்சரியமே இல்லை. இங்கே வருகிற எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றார். வீட்டுக் கழிவுக்கு வேறு குழாய் வருகிற வரைக்கும், நீள்வட்டக் குழாயின் அடியில் நடுவே ஒரு சின்ன ஓடை மாதிரி சிமெண்ட் பூசி எடுத்தால், கோடையில் கசடு தேங்குவது குறையும் என்று வழியும் சொன்னார்.

மேல் சுவர் ஆறு அங்குலம், மூடாக்கு ஒரு அடி என்று கூட்டிப் பார்த்தோம். நாலடி எட்டு அங்குலம். எங்கள் தெருவுக்கென்றே அளவெடுத்த மாதிரி. ஒரு அங்குலம்கூட உயர்த்த வேண்டாம். சுடலைமணி என் முதுகில் தட்டினார். உடனே குழாயைப் படம் எடுத்து, பக்கத்தில் நானும் நின்று இன்னொரு படம் எடுத்து, பொறியாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘இல்லாத குழாய்’ என்று கீழே எழுதவும் செய்தேன். கொஞ்சம் கொழுப்புத்தான்.

ஐந்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். “குழாய் இருக்கு பாய், சரி. தெரு இருக்கா?” என்றார். என்ன சார் கேட்கிறீர்கள் என்றேன். “பைய யோசிச்சுப் பாருங்க” என்று வைத்துவிட்டார். எனக்குக் காதே சூடாகிவிட்டது. பொய் பிடிபட்டதும் விடுகதை போடுகிறார் என்று அண்ணாச்சியிடம் பொரிந்து தள்ளினேன்.

அண்ணாச்சி அதைக் காதில் வாங்காமல் தெருவின் அகலத்தைக் கேட்டார். சுவருக்குச் சுவர் பதினாலு அடி என்றேன். குழாயின் வெளி அகலம் ஆறடி, இரண்டு பக்கமும் ஆள் நின்று வேலை பார்க்க ஒரு அடி, ஆக எட்டடிக்குப் பள்ளம், அதுபோகப் பொக்லைனும் கிரேனும் நிற்க இடம், பதினாலு அடி போதும் என்றார். பிறகு, “குழாய் வாங்கிட்டாப் போதாது அண்ணாச்சி. இங்கேருந்து இருவத்தோரு கிலோமீட்டரு, உவரி போற வழியில ஒரு ஊரு. எங்க குழாயை அங்கன என்ன பண்ணி வச்சிருக்காவன்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க. நான் செஞ்ச குழாய். எனக்கு அங்கன போக மனசு வரல” என்றார். குரலில் அத்தனை நேரம் இல்லாத ஒரு கசப்பு.

பதினொன்றேகாலுக்குக் கிளம்பினோம். உடைமுள் காட்டுக்கும் பனைக்கும் நடுவே ஒற்றைச் சாலை. எதிரே உவரியிலிருந்து மீன் வண்டிகள் ஐஸ் தண்ணீரைச் சிந்திக்கொண்டு வந்தன. ஒன்றை மறித்துச் சுடலைமணி முந்நூறு ரூபாய்க்குச் சாளை வாங்கிக்கொண்டார். பயணத்துக்கு ஒரு பிரயோஜனமாவது இருக்கட்டும் என்று அவர் நியாயம். அதில் கால் மணி நேரம் போய், பன்னிரண்டு மணிக்கு அந்த ஊர்.

தெருவுக்குள் நுழைந்ததும் ஏதோ தப்பாகப் பட்டது, என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. நடந்துபோகிற நாங்கள், வீடுகளின் ஜன்னலுக்குள் மேலிருந்து பார்த்துக்கொண்டு போகிறோம். வாசல் நிலைகளின் மேல்கட்டை எங்கள் தலையில் இடிக்கிற உயரத்துக்கு வந்திருந்தது. ஒவ்வொரு வாசலிலும் சிமெண்டில் ஒரு சின்ன அணை கட்டி, அதைத் தாண்டி உள்ளே குதித்து இறங்க வேண்டியிருந்தது. தெருக்கோடியில் வேலை முடியாமல் நின்றிருந்தது. அங்கே கடைசிக் குழாய் வாயைத் திறந்துகொண்டு தெரிந்தது. மூன்றடி உயரமும் ஐந்தடி அகலமுமாகப் படுத்திருக்க வேண்டிய குழாயை, ஐந்தடி உயரமும் மூன்றடி அகலமுமாக நிறுத்திப் பதித்திருந்தார்கள். ‘மேல்’ என்ற சிவப்பு எழுத்து பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உயரத்தைக் குறைப்பதற்கென்றே ஒரு பொருளை வாங்கி, உருளைக் குழாயைவிட உயரமாக நட்டு வைக்க எத்தனை பேர் கூடி யோசித்திருப்பார்கள்? இதைப் பார்த்துக்கொண்டு இத்தனை வீட்டுக்காரர்களும் சும்மாவா இருந்தார்கள்? நான் சத்தமாகவே கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்மணி அணையைத் தாண்டி மேலே ஏறி வந்தார். ரோசம்மாள் என்று பெயர் சொன்னார். உவரியில் பிறந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர். அதிகாரியா என்று கேட்டார். இல்லை, உங்களை மாதிரி ஒரு தெருக்காரன் என்றேன்.

அவர் சொன்னது இது. தெரு சுவருக்குச் சுவர் பதிமூன்று அடி. ஆனால் எல்லா வீட்டுக்கும் முன்னால் படிக்கட்டு, இரண்டு பக்கமும் மும்மூன்று அடி வெளியே. நடுவில் மிஞ்சியது ஏழடி. எட்டடிக்குப் பள்ளம் எடுக்க வேண்டும், படிகளை இடித்துத் தாருங்கள் என்று ஒப்பந்தக்காரர் வீடு வீடாகக் கேட்டிருக்கிறார். எதிர்வீட்டுக்காரன் இடிக்கட்டும், நான் இடிக்கிறேன் என்று ஒவ்வொருவரும் சொல்லியிருக்கிறார்கள். சண்டை வந்து, பஞ்சாயத்து வந்து, ஒரு மாதம் வேலை நின்று, கடைசியில் ஒப்பந்தக்காரர் குழாயை நிமிர்த்திப் பார்த்திருக்கிறார். ஆறடிப் பள்ளத்துக்குள் அடங்கிவிட்டது. எல்லாருக்கும் நிம்மதி. அப்புறம் குழாயை மூட ரோட்டை ஏற்ற வேண்டி வந்தது, கிட்டத்தட்ட இரண்டடி.

அப்போ அந்தப் படிகள் எங்கே என்று கேட்டேன். ரோசம்மாள் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். “இங்கனதான் கெடக்கு. ரோட்டுக்கு அடியில.”

எனக்கு அடக்க முடியவில்லை. கையகலப் படிக்கட்டுக்காக ஒரு தெருவையே பள்ளத்தில் தள்ளிவிட்டீர்களே, நாலு கல்லைப் பெயர்த்திருந்தால் போயிருக்குமே, நம் ஆட்களுக்கு எப்போதுதான் புத்தி வரும் என்று மூச்சுவிடாமல் திட்டித் தீர்த்தேன். சுடலைமணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மா கோபப்படவில்லை. முழுதாகக் கேட்டு முடித்தார்.

“சரிதான் அண்ணாச்சி, நாங்க கூறுகெட்டவங்கதான். ஒங்க வீட்டுப் படி எவ்வளவு வெளிய நிக்கி?”

வளைகுடாவிலிருந்து வந்ததும் முதல் வேலையாக நான் வீட்டுத் தரையை மூன்றடி உயர்த்தினேன். தண்ணீர் என் வீட்டுக்குள் வரக் கூடாதல்லவா? அதற்கு ஏற நாலு படி, கிரானைட் கல், பளபளவென்று எவர்சில்வர் கைப்பிடி, பக்கத்தில் ஸ்கூட்டர் ஏற ஒரு சாய்தளம். தெருவிலேயே பெரிய படி எங்கள் வீட்டுப் படி. பொறியாளர் தெரு இருக்கா என்று கேட்டது என்னவென்று அந்த வெயிலில் நின்றுகொண்டு எனக்கு விளங்கியது. பொறியாளரும் யோக்கியர் இல்லை. படியை இடியுங்கள் என்று எங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளப் பயந்து, அப்படி ஒரு குழாயே இல்லை என்று கதை விட்டவர். ஆனால் அவர் யாருக்குப் பயந்தார்? என்னை மாதிரி ஆளுக்குத்தான்.

இரண்டு மணிக்கு ஒரு சாலையோரக் கடையில் சாப்பாடு, ஆளுக்குத் தொண்ணூறு ரூபாய். நாலு மணி வாக்கில், அஸர் தொழுகை நேரத்துக்கு, வீட்டு வாசலில் இறங்கினேன். உள்ளே போகாமல் நாடாவை எடுத்து அளந்தேன். மூன்றடி இரண்டு அங்குலம் தெருவுக்குள். எதிர்வீட்டுப் படி இரண்டே முக்கால். நடுவில் மிச்சம் எட்டடி ஒரு அங்குலம். பள்ளம் எடுக்கலாம், அதை எடுக்கிற இயந்திரம் நிற்க வழியில்லை. என் ஸ்கூட்டர் சாய்தளத்தையும் குனிந்து பார்த்தேன். அது சாய்கிற பக்கம் லாத்தாவின் வாசல். சாகுல் மச்சானின் கட்டிலுக்கு வந்த தண்ணீரில் பாதியை அனுப்பியது நான்தான்.

இதுபோலப் போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். வண்ணார்பேட்டையிலிருந்து களம், அங்கிருந்து அந்த ஊர், திரும்பி எங்கள் ஊர் வரை, கார் ஓடியது நூற்று இருபத்து மூன்று கிலோமீட்டர். வாடகையும் டிரைவர் பேட்டாவும் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். பஸ்ஸிலும் போகலாம், ஆனால் நாங்குநேரியிலிருந்து களத்துக்கு ஆட்டோதான். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் அந்தச் சிமெண்ட் பொட்டலில் நிற்க முடியாது. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கையில் மூன்று அளவுகள் கட்டாயம் இருக்க வேண்டும்: தண்ணீர் போய் விழுகிற இடத்தின் அடிமட்டம், அங்கிருந்து உங்கள் தெரு மேல்மட்டம் வரை உயரம், தெருவின் அகலம். அகலத்தைச் சுவரிலிருந்து அளக்காதீர்கள், படியிலிருந்து படிக்கு அளங்கள். உயரம் தாராளமாக இருந்தால் உருளையே போதும், வீணாகச் செலவழிக்க வேண்டாம். உயரம் இல்லை, அகலம் உண்டு என்றால் நீள்வட்டம். கழிவுநீர் மட்டும் போகிற தனிக் குழாய், ஆழமும் கிடைக்கிறது என்றால் முட்டை வடிவத்தைக் கேட்டுப் பாருங்கள். எதை வாங்கினாலும், குழாய் இறங்குகிற நாளில் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளத்தின் கரையில் நில்லுங்கள். ‘மேல்’ என்ற எழுத்து உங்கள் முகத்தைப் பார்க்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மண் தள்ள விட வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குக் கொத்தனார் டிரில்லோடு வந்தார். என் மனைவி நூர்ஜஹான் நேற்று மாலையிலிருந்தே என்னோடு பேசவில்லை. அவளுக்கு முழங்கால் வலி, அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுவாள். அதே நாலு படியை வாசலுக்கு உள்ளே இறக்கிக் கட்டித் தருவதாகக் கொத்தனார் சொன்னார், முன்னறையில் மூன்றேகால் அடி போகும். போகட்டும் என்று அவள் சொன்னது கொத்தனாரிடம், என்னிடம் இல்லை. கிரானைட் கல் லேசில் பெயரவில்லை. சத்தம் கேட்டு ஒவ்வொரு வீட்டிலும் தலைகள் எட்டிப் பார்த்தன. சிலருக்கு என் தலையில் ஏதோ கழன்றுவிட்டது என்று எண்ணம். களத்தில் எடுத்த படத்தையும் அந்த ஊர்த் தெருவின் படத்தையும் ஒவ்வொருவரிடமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். எதிர்வீட்டுக்காரர் இரண்டு படத்தையும் வெகு நேரம் பார்த்தார். பிறகு, எங்கள் வீட்டுக் கொத்தனாரிடம் நாளைக்கு வர முடியுமா என்று கேட்டார்.

படியை எடுத்துவிடுகிறோம், நீள்வட்டக் குழாய் போடுங்கள் என்று எழுதிய மனுவில் மதியத்துக்குள் பதினோரு வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஏழு வீட்டார் யோசிக்கிறார்கள், அதாவது அடுத்தவன் போடட்டும் என்று பார்க்கிறார்கள். பொறியாளருக்கும் போன் பண்ணினேன். எல்லாப் படியும் போனால் குழாயைப் படுக்க வைத்தே போடுகிறேன், ரோட்டை ஏற்ற மாட்டேன், எழுதியே தருகிறேன் என்றார். அந்த ஏழு பேரின் வாசலிலும் இன்று மாலை போய் உட்காரப் போகிறேன். திட்டப் போவதில்லை, திட்டுகிற யோக்கியதை எனக்கு நேற்றோடு போய்விட்டது.

பதினொன்றும் ஏழும் பதினெட்டுத்தானே என்று கணக்குப் பார்ப்பவர்கள் கேட்கலாம். பத்தொன்பதாவது மும்தாஜ் லாத்தாவின் வீடு. அங்கே இடிக்கப் படி கிடையாது, தெருவிலிருந்து உள்ளே இறங்கத்தான் வேண்டும். கடைசிக் கல் பெயர்ந்து விழுந்தபோது லாத்தா வெளியே வந்தார். என் வாசல் முன்னால் கிடந்த உடைசலையும், காலியாகத் தெரிந்த இடத்தையும், அதற்கு அந்தப் பக்கம் தன் வீட்டு வாசலையும் பார்த்தார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்.

“இதை இடிக்கதுக்கா தம்பி நாங்குநேரி வரைக்கும் போனிய?”